வண்டியின் என்ஜின் ஏன் தட்டுகிறது?

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். என்ஜின் விஷயத்திலும் அப்படித்தான். பெரும்பாலான என்ஜின்கள் உடைவதற்கு முன்னால் ஓசை கொடுத்து எச்சரிக்கின்றன. அந்த ஓசையைக் கேட்டும் கேளாதது போல் ஓட்டுபவர்கள் ஒரு வகை. ஓசை கேட்ட உடனேயே பயந்துபோய் என்ஜினைப் பிரித்துப் போட்டு, பத்தாயிரம் ரூபாயை ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிட்டு வருபவர்கள் இன்னொரு வகை. இரண்டுமே தவறு. டாக்டர் நாடி பார்ப்பது போல, எந்த ஓசை, எப்போது வருகிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று பார்த்த பிறகுதான் ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும்.

ரயில்வேயில் மெக்கானிக்கல் பிரிவில் சுமார் நாற்பது ஆண்டுகள் என்ஜின்களோடு பழகியவன் என்பதால், கசார்வாடியில் எங்கள் குடியிருப்பில் யாருடைய வண்டி சத்தம் போட்டாலும் என் வீட்டுக் கதவு தட்டப்படும். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், ஆட்டோ எல்லாம் வந்தாயிற்று. போன ஆண்டு ஏ.டி.வி. எனப்படும் நான்கு சக்கர கரடுமுரடுப் பாதை வண்டியும் வந்துவிட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் தட்டல் சத்தம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம்.

இருவேறு நோய்கள், ஒரே பெயர்

மெக்கானிக்குகள் பொதுவாக 'நாக்கிங்' என்று சொல்வதில் முற்றிலும் வேறான இரண்டு விஷயங்கள் அடங்கியுள்ளன. ஒன்று எரிபொருள் எரியும் விதத்தில் வரும் கோளாறு. மற்றொன்று இரும்போடு இரும்பு மோதும் கோளாறு. முதலாவதை எரிதல் தட்டல் என்றும், இரண்டாவதை இயந்திரத் தட்டல் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் காய்ச்சலுக்குக் கட்டுப் போட்ட கதைதான்.

பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து புறப்பட்டு, சிலிண்டர் முழுவதும் ஒழுங்காகப் பரவ வேண்டும். அகல் விளக்கில் திரி எரிவது போல இல்லாவிட்டாலும், வெடிகுண்டு போலவும் அது எரியக் கூடாது. தீ பரவும்போது, இன்னும் எரியாமல் மூலையில் மிச்சம் இருக்கும் கலவை நசுக்கப்பட்டுச் சூடாகிறது. அந்தச் சூடு எல்லை மீறினால், தீ வந்து சேரும் முன்பே அந்த மிச்சக் கலவை முழுவதும் தானாகவே ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களில் மோதி மோதித் திரும்புகிறது. சுமார் 85 மி.மீ. குறுக்களவுள்ள சிலிண்டரில் இது வினாடிக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகளாக ஒலிக்கும். அதனால்தான் இந்தச் சத்தம் கனமான 'டக் டக்' ஆக இல்லாமல், தகர டப்பாவில் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்கியது போல 'கிணுகிணு' என்று கேட்கிறது.

டீசல் என்ஜினில் கதை தலைகீழ். அங்கே கடைசியில் அல்ல, ஆரம்பத்திலேயே தட்டல் பிறக்கிறது. தெளிக்கப்பட்ட டீசல் உடனே பற்றாமல் தாமதித்தால், அதற்குள் சேர்ந்துவிட்ட எண்ணெய் எல்லாம் சேர்ந்து எரிந்து தட்டும். ஆகவே பெட்ரோல் எளிதில் தானாகப் பற்றாததாக இருக்க வேண்டும். டீசலோ எளிதில் பற்றுவதாக இருக்க வேண்டும். ஒன்றின் குணம் மற்றதற்குக் குற்றம்.

ஈயம் வந்த கதை, போன கதை

இந்தக் கிணுகிணுச் சத்தத்திற்கு உலகம் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. மோட்டார் கார் பெருகிய தொடக்க காலத்தில் இது அமெரிக்கப் பொறியாளர்களுக்குத் தீராத தலைவலி. ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் சார்லஸ் கெட்டரிங்கின் கீழ் வேலை செய்த தாமஸ் மிட்ஜ்லி, பல பொருள்களைச் சோதித்துப் பார்த்து, 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயக் கூட்டுப்பொருளைப் பெட்ரோலில் சிறிதளவு கலந்தால் தட்டல் நின்றுவிடுகிறது என்று கண்டார். என்ஜின் பிழைத்தது, மனிதர்கள்தான் அவதிப்பட்டார்கள். புகையில் வந்த ஈயம் மூச்சோடு உள்ளே போய், குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது.

நம் நாட்டில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல்தான். உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-இல் சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. ஒரு சத்தத்தை அடக்கக் கண்டுபிடித்த மருந்தைக் கைவிட நூறு ஆண்டுகள் ஆயின.

தட்டலைத் தாங்கும் சக்தியைத்தான் ஆக்டேன் எண் என்று அளக்கிறோம். ஐசோ ஆக்டேன் என்ற பொருளுக்கு 100 என்றும், நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்து இதைக் கணக்கிடுகிறார்கள். 2020 ஏப்ரலில் நாடெங்கும் வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதி சாதாரண பெட்ரோலுக்கே குறைந்தது 91 என்று வைத்தது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது. எத்தனாலின் ஆக்டேன் எண் 100-க்கும் மேல். ஆகவே எரிதல் தட்டலைப் பொறுத்தவரை எத்தனால் நண்பனே. ஆனால் பழைய கார்புரேட்டர் வண்டிகளில் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்துபோக அதுவே காரணமாகலாம். கலவை மெலிந்தால் என்ஜின் சூடாகும், சூடானால் தட்டும். மாறாக, மண்ணெண்ணெய் கலந்த கலப்படப் பெட்ரோல் எந்த வண்டிக்கும் எதிரி. அதன் ஆக்டேன் மிகக் குறைவு.

எரிதல் தட்டலை எப்படி அறிவது?

இதற்கு மூன்று அடையாளங்கள். ஒன்று, பாரம் ஏற்றி, குறைந்த வேகத்தில், உயர்ந்த கியரில் ஆக்சிலேட்டரைத் திருகும்போதுதான் வரும். கண்டாலா காட் ஏற்றத்தில் இருவரை ஏற்றிக்கொண்டு டாப் கியரிலேயே ஏறப் பார்ப்பவர்களுக்கு இது தெரியும். இரண்டு, ஆக்சிலேட்டரைக் குறைத்தாலோ கியரைக் குறைத்தாலோ உடனே நிற்கும். மூன்று, என்ஜின் சூடான பிறகே பெரும்பாலும் வரும்.

காரணங்களை மலிவானதிலிருந்து வரிசையாகப் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியானால் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியது ஊற்றுங்கள். நின்ற பெட்ரோல் பிசின் போலாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைத்திருக்கும். சிலிண்டரின் குளிர்ச்சித் தகடுகளில் சேறு அப்பியிருக்கிறதா பாருங்கள்; ஏ.டி.வி. வண்டிகளில் இதுவே முதல் சந்தேகம். ஸ்பார்க் பிளக் அந்த என்ஜினுக்குரிய எண்ணுள்ளதுதானா, இன்டேக் குழாய் இணைப்பில் காற்று கசிகிறதா, பொறி விடும் நேரம் முந்தியிருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் சிலிண்டர் ஹெட்டில் கரி படிந்திருக்கலாம். கரி படிந்தால் இடம் குறைந்து அழுத்தம் கூடுகிறது. கனன்றுகொண்டே இருக்கும் கரித்துண்டு தானே தீ மூட்டவும் செய்யும்.

இன்னொரு விஷயம். புணே கடல் மட்டத்திலிருந்து 550 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்று சற்று மெலிது, அழுத்தம் குறைவு, தட்டலும் குறைவு. இங்கே ஒழுங்காக ஓடிய வண்டியை அலிபாக் கடற்கரைக்கு இறக்கினால், அங்கே காற்று அடர்த்தி கூடுவதால் தட்ட ஆரம்பிக்கலாம். வண்டியில் திடீரென்று பழுது வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். இங்கே மறைந்திருந்த குறை அங்கே வெளிப்பட்டது, அவ்வளவுதான்.

இயந்திரத் தட்டல்: ஓசையும் உறுப்பும்

இனி இரும்பு மோதும் தட்டலுக்கு வருவோம். இங்கே காதுதான் முதல் கருவி. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை என்ஜின் உடலில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்தால் டாக்டரின் ஸ்டெதஸ்கோப் போலவே வேலை செய்யும். பெல்ட், ஃபேன், ஃப்ளைவீல் பக்கம் போகக் கூடாது. மூடிய அறையில் என்ஜினை ஓட்டவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

மேல்பகுதியில் 'டிக் டிக்' என்று லேசாகக் கேட்டால் டேப்பெட் இடைவெளி கூடியிருக்கிறது. ஃபீலர் கேஜ் வைத்து, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கையேட்டில் சொன்ன அளவுக்குச் சரிசெய்தால் போதும். சிலிண்டரின் நடுவே குளிர்ந்த நிலையில் 'தப் தப்' என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் அது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அடிப்பது. சூட்டில் பிஸ்டன் விரிந்து இடைவெளியை நிரப்புவதால் சத்தம் குறைகிறது. உடனே ஆபத்தில்லை, ஆனால் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கீழே கிராங்க் கேஸ் பகுதியில் கனமாக 'டொக் டொக்' என்று கேட்டு, என்ஜின் சூடாகி ஆயில் இளகியதும் கூடினால் எச்சரிக்கையாக இருங்கள். கனெக்டிங் ராடின் பெரிய முனை தேய்ந்திருக்கலாம். ஆக்சிலேட்டரைத் திருகி உடனே விடும்போது இது தெளிவாகக் கேட்கும். காரணம், அந்த நொடியில் ராடின் மேல் உள்ள விசை திசை மாறுகிறது. இடைவெளி இருந்தால் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் போய் மோதுகிறது. இப்படி ஓடும் என்ஜினை அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டக் கூடாது. ராடு முறிந்தால் கிராங்க் கேஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கொதிக்கும் ஆயிலும் கூடவே வரும். ஓட்டுபவரின் கால் அங்கேதான் இருக்கிறது.

ஏ.டி.வி. போன்ற வண்டிகளில் இந்த நோய் வர ஒரு தனிக் காரணம் உண்டு. பல சிறிய ஒற்றைச் சிலிண்டர் என்ஜின்களில் ஆயில் பம்ப் கிடையாது. ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலில் தோய்ந்து எல்லா இடத்திலும் தெளிக்கும். செங்குத்தான ஏற்றத்தில் வண்டி சாய்ந்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். கரண்டி காற்றைத்தான் அள்ளும். ஆயில் அளவும் குறைவாக இருந்துவிட்டால் சில நிமிடங்களிலேயே ராடு கடித்துக்கொள்ளும். ஆகவே மலைப்பாதையில் ஏறும் முன் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பது ஓட்டுபவரின் உயிர்க் காப்பீடு.

ரயில் ஷெட் கற்றுத் தந்தது

நான் 1981-இல் பயிற்சியில் சேர்ந்தபோது மீட்டர் கேஜ் நீராவி என்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ராடு பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று அங்கே என்ஜினைப் பிரிக்காமலேயே கண்டுபிடிப்பார்கள். பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கொஞ்சம் நீராவியை விட்டு, ரிவர்ஸ் கைப்பிடியை முன்னும் பின்னும் மாற்றுவார்கள். சக்கரம் அசையாது, ஆட்டம் உள்ள ராடு மட்டும் 'தட்' என்று அடித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு டீசல் காலம். வாராணசித் தொழிற்சாலையில் 1964-இல் முதலில் தயாரான டபிள்யூ.டி.எம்.2 வகை என்ஜினில் 16 சிலிண்டர்கள், 2600 குதிரைத் திறன். அந்த இரைச்சலில் காதால் ஒரு பேரிங்கைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. அதனால் டீசல் ஷெட்களில் ஆயிலை எடுத்து ஸ்பெக்ட்ரோகிராஃபில் சோதிப்பார்கள். தாமிரமும் ஈயமும் கூடினால் பேரிங், இரும்பு கூடினால் லைனர் அல்லது ரிங், அலுமினியம் கூடினால் பிஸ்டன், சிலிக்கான் கூடினால் காற்று வடிகட்டியைத் தாண்டித் தூசி போகிறது என்று பொருள். மனிதனுக்கு இரத்தப் பரிசோதனை எப்படியோ, என்ஜினுக்கு ஆயில் பரிசோதனை அப்படி.

இந்த இரண்டு சோதனைகளையும் வீட்டு வாசலிலேயே செய்யலாம் என்பதற்குத்தான் அந்த ஏ.டி.வி. கதை.

மாணவர்கள் கொண்டுவந்த வண்டி

பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே ஏ.டி.வி. ஒன்றை வடிவமைத்து, வெல்டிங் செய்து, ஓட்டிக் காட்டும் 'பாஹா' என்ற போட்டி 1976-இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இந்தியாவில் 2007 முதல் நடக்கிறது. இந்தூர் அருகே பீதம்பூர் இதற்குப் பேர் பெற்ற இடம். பெட்ரோல் வண்டிப் பிரிவில் எல்லா அணிகளுக்கும் ஒரே வகையான 10 குதிரைத் திறன் ஒற்றைச் சிலிண்டர் என்ஜின்தான். அதன் உள்பாகங்களில் மாற்றம் செய்யக் கூடாது. புணேயில் பல கல்லூரிகள் இதில் ஆர்வமாக இறங்குகின்றன.

எங்கள் குடியிருப்பில் உள்ள தமிழ்ப் பையன் ஒருவன் அப்படி ஓர் அணியில் இருந்தான். போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, "அங்கிள், என்ஜின் தட்டுது. ராடு போயிடுச்சுன்னு சொல்றாங்க" என்று வந்து நின்றான். அணியில் மற்றவர்கள் மராத்திப் பிள்ளைகள்; "காகா, ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க" என்று அவர்களும் கெஞ்சினார்கள். போசரியில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த சிறு ஷெட்டுக்குப் போனேன். வேறு என்ஜின் வாங்கப் பணம் இல்லை. பிரித்து ராடு மாற்றினால் மறுபடி பூட்டி ஓட்டிப் பழக்க நாள் போதாது. இரண்டு ஆண்டு உழைப்பு அந்த ஒரு சத்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கேட்டேன். ஐடிலில் 'டொக் டொக்' என்று கனமான தட்டல். ராடு சத்தம் போலவேதான் இருந்தது. ஆனால் இரண்டு விஷயங்கள் பொருந்தவில்லை. குளிர்ந்தபோதும் சூடானபோதும் சத்தம் ஒரே மாதிரி இருந்தது. வேகம் கூட்டிச் சீராகப் பிடித்தால் முழுவதுமாக மறைந்தது. திருகி விடும்போதும் கூடவில்லை.

முதலில் ஆயிலை வெள்ளைத் துணி வழியாக வடித்துப் பார்க்கச் சொன்னேன். இத்தகைய சிறு என்ஜின்களில் பலவற்றில் ராடு அலுமினியம். தனி பேரிங் இல்லாமல் நேரே கிராங்க் பின்னில் ஓடும். அது தேய்ந்தால் துணியில் வெள்ளிப் பொடி போல மின்னும், காந்தத்தில் ஒட்டாது. இரும்புத் தூளானால் ஒட்டும். துணி சுத்தமாக இருந்தது.

அடுத்து நீராவி ஷெட் சோதனை. சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அதன் மூடியை பிளக் துளைக்கு எட்டாத இடத்தில் எர்த் செய்து, பிளக் துளை வழியாக ஒரு சாதாரண குளிர்பான ஸ்ட்ராவை பிஸ்டன் மேல் நிற்கும்படி விட்டோம். உடைந்து உள்ளே விழக்கூடிய குச்சி எதையும் விடக் கூடாது. பிஸ்டனைப் பாதி வழியில் நிறுத்தி, ஃப்ளைவீலைக் கையால் மிக மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினோம். ராடில் ஆட்டம் இருந்தால் வீல் கொஞ்சம் நகர்ந்த பிறகே ஸ்ட்ரா நகரும். கையில் சிறு 'தட்' ஒன்றும் தெரியும். இங்கே வீல் திரும்பியதும் ஸ்ட்ராவும் உடனே திரும்பியது. ராடு நன்றாகவே இருந்தது.

அப்படியானால் தட்டுவது எது? என்ஜினுக்கு வெளியே உள்ளதை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. பெல்ட்டைக் கழற்றினோம், சத்தம் குறைந்தது, போகவில்லை. கிராங்க் தண்டில் பூட்டியிருந்த பெல்ட் புல்லியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டினோம். சத்தம் அடியோடு நின்றது.

புல்லியைத் தண்டோடு பிணைக்கும் கீயின் இரு பக்கமும் நசுங்கி மினுமினுத்துக்கொண்டிருந்தது. ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் கிராங்க் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. ஒவ்வொரு எரிதலுக்கும் ஒரு உதை வாங்கி வேகமாகும், பிறகு தளரும். ஐடிலில் இந்த ஏற்ற இறக்கம் மிகவும் அதிகம். புல்லி தளர்ந்திருந்தால் ஒவ்வொரு உதைக்கும் கீயில் மோதித் தட்டும். வேகம் கூடினால் ஏற்ற இறக்கம் குறைந்து சத்தம் மறைகிறது.

"டார்க் ரெஞ்ச் வச்சுத்தான் டைட் பண்ணோம் காகா" என்றான் ஒரு மாணவன். பொய்யில்லை. புல்லியின் போல்ட் தேவைக்கு மேல் நீளம். அது தண்டுத் துளையின் அடியைத் தொட்டு அங்கேயே இறுகிவிட்டது. டார்க் ரெஞ்ச் 'போதும்' என்று சொன்னது. ஆனால் போல்ட்டின் தலை புல்லியை அழுத்தவே இல்லை. இறுக்கம் என்பது ரெஞ்சில் தெரியும் எண் அல்ல. பொருள் பொருளை அழுத்துவது. சரியான நீளமுள்ள போல்ட், கனமான வாஷர், ஒரு புதிய கீ — போசரியில் எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. கீவே நசுங்காமல் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம். இன்னும் சில நாள் ஓடியிருந்தால் கிராங்க் தண்டே வீணாகியிருக்கும். வண்டி பீதம்பூர் போய் ஓடித் திரும்பியது.

நினைவில் கொள்ள

தட்டல் கேட்டால் முதலில் ஆயில் அளவு பாருங்கள். குறைவாக இருந்தால் என்ஜினை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பாரத்தில் மட்டும் கிணுகிணுத்தால் பெட்ரோல், சூடு, பொறி நேரம், கரி இவற்றைப் பாருங்கள். ஐடிலில் கனமாகத் தட்டினால் வெளியே பூட்டியுள்ள புல்லி, ஃப்ளைவீல், என்ஜின் மவுண்டிங், சைலன்சர் போல்ட் இவற்றை முதலில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சூடானதும் கீழிருந்து கூடும் தட்டலானால் தயங்காமல் பிரிக்க வேண்டியதுதான். கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்குபவர்கள் மணியின் நாக்கைக் கட்டுகிறார்கள். யானை என்னவோ வந்துகொண்டேதான் இருக்கும்.

இந்தச் சோதனைகள் எதற்கும் விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு வெள்ளைத் துணி, ஒரு காந்தம், ஒரு ஸ்ட்ரா, அரை மணி நேரப் பொறுமை, இவ்வளவுதான். மோட்டார் வண்டி வைத்திருக்கும் அன்பர்களும், பொறியியல் படிக்கும் நம் சங்கப் பிள்ளைகளும் ஒருமுறை செய்து பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் மாதக் கூட்டத்தில் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லக் காத்திருக்கிறேன்.